பார்முலா அக்காவின் ஆறு உருண்டைகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிற அத்தனை புகைபோக்கிகளும் ஒரு வருஷம் முழுக்கப் புகைந்தாலும், எங்கள் பக்கத்து போர்ஷன் பார்முலா அக்கா ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிய நுரைக்கு ஈடாகாது. பெருமாள் சத்தியமாகச் சொல்கிறேன். சத்தியம் செய்ய எனக்கு உரிமையும் உண்டு. அந்த நுரையைக் கிளப்பிய கை என்னுடையது.

அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. கல்யாணம், காட்சி எதுவும் வேண்டாம் என்று தனியாகவே இருந்துவிட்டவர். என் வீட்டுக்காரர் பாய்லர் பார்க்கும் அதே கெமிக்கல் ஆலையில், லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. பதினெட்டு வருஷமாகக் கழுவிக் கழுவி, எந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்பதை மூடியை முகர்ந்தே சொல்லிவிடுவார். புதிதாக வரும் பட்டதாரிப் பிள்ளைகள் அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். பதிலை வாங்கி எழுதிக்கொண்டு, கழுவவேண்டிய பாட்டிலையும் அவரிடமே நீட்டுவார்கள்.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. "சரசு, நானு கழுவுறவளாவே ரிட்டயர் ஆவக் கூடாது. ஊத்துறவளா ஆவணும்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, தபால் வழியில் கெமிஸ்ட்ரி பட்டப்படிப்பில் சேர்ந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்புக்கு உப்பு என்ற பெயர் போயிற்று. "ஒரு கை சோடியம் குளோரைடு குடு" என்பார். சுண்ணாம்பு, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எல்லாவற்றுக்கும் அவர் வாயில் ஒரு பார்முலா இருக்கும். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஜாக்கெட்டுக்குள் சில்லறை பர்ஸ் வைத்துக்கொள்ளும் இடத்தில் அவர் புளிப்பு பார்க்கும் கலர் காகிதக் கட்டு வைத்திருப்பார். என் ரசத்தில் ஒரு துண்டை நனைப்பார். காகிதம் சிவக்கும். "புளி ஜாஸ்தி. உன் ஊட்டுக்காரரு வயிறு இன்னாத்துக்கு ஆவறது?" என்பார். பதினைந்து வருஷமாக வாயைத் திறக்காமல் சாப்பிட்ட மனுஷன், அதன் பிறகு காகிதத்தைப் பார்த்த பிறகே தட்டில் கை வைத்தார். ஒரு தடவை நான் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்திலும் காகிதத்தை விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது.

"அக்கா! அது பெருமாள் தீர்த்தம்!"

"தெரியும்டி. அதனாலதான் மரியாதையா ஒரு மூலைய மட்டும் தொட்டேன்."

கடைசி வருஷத்தில் ஒரு செய்முறைத் திட்டம் செய்து, பொன்னேரியில் ஒரு காலேஜில் பரீட்சையாளர் முன்னால் காட்ட வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு முறை அதில் கோட்டை விட்டிருந்தார். முதல் முறை பினாயில், அடுத்த முறை சோப்பு. இரண்டையும் எல்லோரும் கொண்டுவந்ததால், "இது கடைல வாங்கினது" என்று தள்ளிவிட்டார்களாம். இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. ஆலையிலும் லேப் அசிஸ்டென்ட் இடம் ஒன்று காலியாகி, "இந்த மாசத்துக்குள்ள பட்டத்தைக் காட்டினா இடம் உனக்கு, இல்லன்னா வெளியாளு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அக்கா யாரும் செய்யாத ஒன்றைத் தேடினார். போனில் எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சரசு, பாத் பாம்! வெள்ளக்காரங்க குளிக்கிற தொட்டில போடுவாங்க. புஸ்ஸுனு பொங்கி வாசனையா கரையும்."

"வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துற நேரத்துல வீட்ல பாம்னு சொல்லாதீங்கக்கா" என்றேன். அன்றிலிருந்து அதற்கு 'உருண்டை' என்று பெயர் வைத்தோம்.

செய்முறைக்கூடம் என்று பார்த்தால் என் சமையலறைதான். ஆப்ப சோடா, எலுமிச்சை உப்பு, சோள மாவு. முதல் நாள் அக்கா, மாவு பிசைகிற பழக்கத்தில் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஊற்றியதுதான் தாமதம், பாத்திரம் பொங்கி, அடுப்பு மேடை வழிந்து, பூஜை அலமாரி வரை வந்துவிட்டது. கோலமாவு டப்பாவை நான் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். அக்கா மட்டும் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியா, வேலை செய்யுது!"

அடுத்த தடவை தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டு, என் பணியாரக் குழியில் அமுக்கி எடுத்தார். அழகாக வந்தது. ஆனால் நம் ஊர்க் காற்றில் கடல் ஈரம் கலந்திருக்கிறதே, மறுநாள் காலையில் ஒவ்வொன்றும் காலிபிளவர் மாதிரி பூத்து நின்றது. உப்பு ஜாடியில் அரிசி போட்டு ஈரம் வாங்குவது எனக்குத் தெரிந்த ஒரே கெமிஸ்ட்ரி. "டப்பால போட்டு அரிசி டிரம்முல புதைங்கக்கா" என்றேன். அது பலித்தது. அந்த வாரம் முழுக்க என் தலையைத் தடவித் தடவிப் பேசினார்.

பரிசோதனை செய்யத் தொட்டி வேண்டுமே? எங்கள் நாலு போர்ஷனிலும் இருப்பது பக்கெட்டும் சொம்பும்தான். என் வீட்டுக்காரர் குளிக்க நிரப்பி வைத்திருந்த அண்டாவில் அக்கா ஒன்றைப் போட்டுவிட்டு, கடிகாரம் எடுக்க உள்ளே போனார். அதற்குள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து துண்டைக் கட்டிக்கொண்டு நேரே குளியலறைக்குள் நுழைந்துவிட்டார். அடுத்த நிமிஷம் ஒரு சத்தம்.

"ஏ சரசு! தண்ணி தளதளனு கொதிக்குது, கைய வெச்சா ஜில்லுனு கீது! இன்னாடி அநியாயம் இது? இத்தினி வருசமா பாய்லர் பாக்குறேன், இந்த மாரி கொதிப்ப கண்ணால பாத்ததில்ல!"

கதவுக்கு வெளியே நின்று அக்கா பதில் சொன்னார். "அண்ணே, அது சூடு குடுக்குற வேல இல்ல, சூட்ட உறிஞ்சிக்கிற வேல. எவ்ளோ நேரமா பொங்குது, எண்ணிச் சொல்லுங்க!"

"எண்ணுறதா? நான் துண்டோட நின்னுக்கினு கீறேன்!"

"துண்டோடயே எண்ணுங்க!"

பாவம், எண்ணினார்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே அமாவாசை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைத்தால், வெல்லம் கரைவது போலக் கஷ்டமும் கரையும் என்பது பரம்பரை நம்பிக்கை. அக்காவுக்காக நான் வேண்டிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வெல்லத்துக்கும் பார்முலா சொல்வார்.

ஆறு உருண்டை வெல்லம் வாங்கி, எறும்புக்குப் பயந்து டப்பாவில் போட்டு அரிசி டிரம்மில் வைத்தேன். அக்காவின் ஆறு உருண்டைகளும் அதே டிரம்மில். டப்பாவோ, ஆயுத பூஜைக்கு ஆலையில் எல்லோருக்கும் கொடுத்த ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. நிறமாவது வேறாக இருந்ததா? அக்கா சந்தனப் பொடியும் ஆவாரம்பூப் பொடியும் கலந்து, அசல் நாட்டு வெல்லம் போலவே உருட்டி வைத்திருந்தார். விடியற்காலையில் கையை விட்டேன், ஒரு டப்பா வந்தது, எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

குளக்கரையில் நிற்க இடமில்லை. கண்ணை மூடி, "பெருமாளே, அக்கா பாஸாவணும்" என்று மனமுருகி முதல் உருண்டையை விட்டேன்.

புஸ்ஸ்ஸ்!

தண்ணீர் பொங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணில் நீர் வழிய இரண்டாவதையும் விட்டேன். அதுவும் பொங்கியது. பக்கத்தில் வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார்.

"இன்னாமா உன் வெல்லம் இப்டிப் பொங்குது? எந்தக் கடைல வாங்கின?"

"கடை இல்லம்மா, பெருமாள் பதில் சொல்றாரு" என்றேன் தழுதழுத்து. நாலு பேர் சேர்ந்து "கோவிந்தா!" என்றார்கள். நான் மூன்று, நாலு, ஐந்து என்று விட்டுக்கொண்டே போனேன். குளத்தின் ஓரம் முழுக்க நுரை. சந்தன வாசனை வந்தபோதுகூட சாமி வாசனை என்றுதான் நினைத்தேன். ஆறாவதையும் விட்டுவிட்டு டப்பாவைப் பார்த்தால், அடியில் ஒரு சீட்டு. அக்காவின் கையெழுத்து: 'பரீட்சை மாதிரிகள் ஆறு. ஈரக்கை படக் கூடாது.'

எனக்குக் காலடியில் படிக்கட்டு நழுவியது.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆப். பரீட்சைக் கூடத்துக்குள் போயிருப்பார். என் வெல்லத்தோடு. வேப்பம்பட்டு அம்மா, "எங்க ஊட்டுக்காரருக்கு சர்க்கர வியாதி, ஒண்ணு குடும்மா" என்று காலி டப்பாவை எட்டிப் பார்த்தார். நான் கோயிலுக்குள் ஓடி, பெருமாள் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "வேண்டிக்கிட்டதும் நானு, கெடுத்ததும் நானு. நீதான் பாத்துக்கணும்." இரண்டு பஸ் மாறி வருகிற வழி முழுக்க வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

சாயங்காலம் வந்து சேர்ந்தபோது அக்கா என் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உக்காரு சரசு. நடந்ததச் சொல்றேன்."

பரீட்சையாளர் வெளியூர்க்காரர், சிரிக்கவே தெரியாதவராம். ஒரு உருண்டையை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் போட்டிருக்கிறார்.

"கல்லு மாதிரி அடில போய் உக்காந்துக்கிச்சுடி. அவரு என்னப் பாக்குறாரு, நானு அதப் பாக்குறேன். 'என்னம்மா, பொங்கலையே?'ன்னாரு. 'கரையும் சார், கொஞ்சம் லேட்டாவும்'னேன். அதுக்குள்ள டப்பாலேந்து ஒரு எறும்பு வெளிய வந்துச்சு. 'இதுவும் உங்க திட்டத்துல சேர்ந்ததா?'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"'கடைல வாங்கினா பாத்து வாங்கணும்மா, போய்ட்டு வாங்க'ன்னுட்டாரு. அப்பதான் எனக்கு ரோசம் வந்துச்சு. 'சார், பத்து நிமிசம் குடுங்க. இங்கயே, உங்க கண்ணு எதிர்க்க செய்றேன்'னேன். லேப் அலமாரில சோடாவும் எலுமிச்ச உப்பும் கீது. கேன்டீன்ல சோள மாவு. ஒரு பொண்ணு பைலேந்து தேங்கா எண்ண குடுத்துச்சு. தராசு கிட்ட கூடப் போவலடி. கையாலயே அளந்து, கையாலயே உருட்டிப் போட்டேன்."

"பொங்குச்சா?"

"பாத்திரம் பத்தல! அப்பறம் தொளச்சி எடுத்தாரு. சோடா ஏன் ரெண்டு பங்கு? அமிலம் மிஞ்சினா தோலு எரியும் சார், அதுக்காக. தண்ணி ஏன் ஜில்லுனு ஆவுது? இதே கேள்விய எங்க பக்கத்து ஊட்டு பாய்லர்காரரு துண்டோட நின்னுக்கினு கேட்டாரு சார்னு ஆரம்பிச்சேன். புள்ளைங்க எல்லாம் சிரிச்சிருச்சி."

"அவரு சிரிச்சாரா?"

"பல்லு தெரில. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. 'எல்லாரும் செஞ்சத எடுத்துனு வராங்க. என் எதிர்க்க யாரும் செஞ்சதில்ல'ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாரு. பாஸுடி!"

நான் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாகக் குளத்து விஷயத்தையும் கொட்டிவிட்டேன். வேண்டுதல், டப்பா, நுரை, கோவிந்தா கோஷம், எல்லாம். "குளத்து மீனுக்கு ஏதாவது ஆயிடுமாக்கா?" என்றும் கேட்டேன்.

"அவ்ளோ பெரிய கொளத்துல ஆறு உருண்டையா? மீனு ஏப்பம் விட்டிருக்கும்" என்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஆறும் பொங்குச்சா?"

"ஆறும் பொங்குச்சுக்கா."

"நொர எவ்ளோ நேரம் நின்னுச்சு?"

"ஒரு கோவிந்தா சொல்ற நேரம்."

அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் சான்றிதழ் வந்தது. வேலையும் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு முதல் நாள் போனவர், சாயங்காலம் வரை ஒரு பாட்டிலையும் கழுவவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆறு மணிக்கு மேல், கழுவும் வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குத் தொட்டியில் கிடந்த பாட்டில்களில் பாதியைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாராம்.

அடுத்த அமாவாசைக்கு நான் நன்றி சொல்ல மறுபடியும் திருவள்ளூர் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பட்டர் பெயர்களைக் கேட்டார். எங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்லி முடித்து, "இன்னொரு பேரு சாமி, பார்முலா" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நட்சத்திரம் கேட்டார். தெரியாது, பெருமாள் நட்சத்திரத்திலேயே செய்யுங்கள் என்றேன்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பொறந்தவங்க சாமி" என்றேன். சந்நிதியில் நின்று சொன்ன வார்த்தை. பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.