பெட்டித்தலை அண்ணாச்சியின் இடது கை

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் உலகத்தை அதிகம் சுற்றியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு பாளையங்கோட்டைக்குத்தான் வரும். வாங்கப் போகிறவர் பெட்டித்தலை அண்ணாச்சி. பனிமலை, பாதாளச் சுரங்கம், செவ்வாய் கிரகம், பேய் பங்களா என்று அவர் கால் படாத இடம் கிடையாது. இத்தனைக்கும் அந்த மனிதர் ஜங்ஷனைத் தாண்டிப் போவதென்றால் நல்ல நாள் பார்ப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. லாட்ஜில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு சந்தில், மாத வாடகைக்கு ஆண்கள் தங்கும் பழைய லாட்ஜ் அது. டிப்ளமோ முடித்து, காற்றாலைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பெட்டி படுக்கையோடு அங்கே போய் இறங்கினேன். மேனேஜர் காட்டிய அறையின் கதவைத் தள்ளினால், உள்ளே ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தில் அப்பளப் பெட்டியை மாட்டிக்கொண்டு, காற்றில் வாள் வீசிக்கொண்டிருந்தார்.

"யாரு வே அது? குனியும், குனியும்! அம்பு வருது!"

குனிந்துவிட்டேன். ஏன் குனிந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பகலில் அவருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. கண்ணில் மாட்டிக்கொண்டு விளையாடும் வி.ஆர். கருவியை யாரோ ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. விலையைக் கேட்டதும், போன தூக்கம் திரும்பி வந்துவிட்டது. "அதுல என்ன வே பெரிய வித்தை இருக்கு? ஒரு ஸ்கிரீனு, ரெண்டு லென்ஸு, ஒரு டப்பா. ஸ்கிரீனு என் போன்ல இருக்கு. டப்பா எங்க அம்மைகிட்ட இருக்கு" என்று காரியத்தில் இறங்கிவிட்டார்.

அவர் அம்மா கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர். அங்கிருந்து வந்த அட்டைப்பெட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு ஒரு வெட்டு, கண்ணாடிக் கடையில் சொல்லி வாங்கிய இரண்டு லென்ஸ், முன்னால் போனைச் சொருக ஒரு இடம். தலையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை, பழைய ஜட்டியின் எலாஸ்டிக். "துவைச்சதுதான் வே" என்று கேட்காமலே சொல்வார். கேட்காமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விளையாட்டு ஓடுவது என்னவோ கம்ப்யூட்டரில்தான். கடையில் கழித்துப்போட்ட சாமான்களைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர். அதற்கு மூடி கிடையாது. அறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அதற்குத்தான் சுழலும், எங்களுக்குக் கிடையாது. அதிலிருந்து ஒரு நீள ஒயர் வழியாகப் படம் போனுக்கு வரும், கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம். நாம் தலையைத் திருப்பினால் போன் அதைக் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்துக் காட்சியை அனுப்பும். அனுப்பும், ஆனால் உடனே அனுப்பாது. கொஞ்சம் யோசித்துத்தான் அனுப்பும். வெடுக்கென்று திரும்பினால் தலை ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம், சாப்பிட்ட சோறு இன்னொரு பக்கம். அதனால் அவருக்கு ஒரே மந்திரம்தான்: "பைய திரும்பும் வே, பைய! படம் வரணும்லா?"

இந்தப் பழக்கம் அவருக்குத் தெருவிலும் தொற்றிவிட்டது. மார்க்கெட்டில் யாராவது "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால், சப்பரத்தில் சாமி திரும்புவது மாதிரி நிதானமாகத் திரும்புவார். அதற்குள் கூப்பிட்டவர் கத்தரிக்காய் வாங்கி வீட்டுக்கே போயிருப்பார்.

இன்னொன்று, அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு எந்த உலகத்துக்குப் போனாலும் உளுந்து வாசனை அடிக்கும். கடலுக்கடியில் அப்பளம். செவ்வாய் கிரகத்திலும் அப்பளம். போன் சூடாகிவிடும் என்று அதன்மேல் ஈரத் துண்டை வேறு போட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு, காய்ச்சல் வந்த அட்டைப்பெட்டி ஒன்று அறைக்குள் நடமாடுவது போலத் தெரியும்.

ஒருநாள் பனிமலை உச்சியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தவருக்கு, வானம் முழுக்க 'அம்மை' என்று எழுத்து வந்துவிட்டது. ஊரிலிருந்து போன். "அம்மை, நான் மலையில தொங்கிக்கிட்டு இருக்கேன், பெறகு பேசுதேன்" என்று வைத்துவிட்டார். பாவம், அந்த அம்மா கிடைத்த பஸ்ஸைப் பிடித்து அழுதுகொண்டே வந்து சேர்ந்தார். "எய்யா, எந்த மலைய்யா? கீழ விழுந்துட்டியா?" என்று மகனைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு விஷயம் தெரிந்து, கொண்டு வந்த அப்பளக் கட்டாலேயே அவர் முதுகில் நாலு போட்டார்.

மேனேஜர் கதை இன்னும் மோசம். பேய் பங்களா ஆட்டத்தின் நடுவில், ஏதோ கேட்க வந்தவர் பின்னாலிருந்து இவர் தோளைத் தொட்டுவிட்டார். அண்ணாச்சி விட்ட குத்தில் மேனேஜரின் வெற்றிலைப் பெட்டி சன்னல் வழியாகப் பறந்து சந்தில் விழுந்தது. அன்றிலிருந்து மேனேஜர் எங்கள் வாசலில் நின்று, விளக்குமாற்றுக் கட்டையால் கதவைத் தட்டித்தான் பேசுவார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் என் பிழைப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

காற்றாலை வேலை என்றால் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து மீட்டர் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு நான் சேர்ந்தேன். கயத்தாறு பக்கம் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். இரும்புக் கம்பிகளால் கட்டிய பழைய காலத்துக் கோபுரம், வெளிப்பக்கமாக ஏணி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. நானோ வீட்டு மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் பக்கம் போனாலே தரையோடு உட்கார்ந்துவிடுகிறவன். ஒரு வீட்டு உயரம் ஏறினேன். குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான், ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பிரித்து இறக்க இரண்டு பேர் ஏறி வர வேண்டியதாயிற்று.

பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர், வெளியூர்க்காரர். "அடுத்த மாசம் இன்னொரு வாய்ப்பு தர்றேன் தம்பி. உச்சியைத் தொட்டுட்டு வரணும். இல்லைன்னா இந்த வேலை உனக்கு இல்லை" என்றார்.

வேலை போவதுகூடப் பெரிதில்லை. மில்லிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த என் அப்பா, "எம் மவன் காத்தாடிய ஓட்டுதான்" என்று தெரு முழுக்க லட்டு கொடுத்து முடித்திருந்தார். தென்மேற்குக் காற்றே என் கையெழுத்து இல்லாமல் வீசாது என்கிற அளவுக்குப் பேசி வைத்திருந்தார். அந்தத் தெருவுக்குள் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

அறைக்கு வந்து துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி பைய என் பக்கம் திரும்பினார்.

"என்ன வே, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"ஏறணும், அவ்வளவுதானே? ஏறிருவோம். துணிய எடுத்து உள்ள வையும்."

அவரிடம் மலையேறும் ஆட்டம் ஒன்று இருந்தது. கையில் பிடிக்கிற கட்டையில் ஒரு பொத்தானை அமுக்கினால் வலது கை பாறையைப் பற்றும், இன்னொன்றை அமுக்கினால் இடது கை பற்றும். மாற்றி மாற்றி அமுக்கி மேலே போக வேண்டும். கோளாறு என்னவென்றால், அவருடைய கட்டையில் இடது கைப் பொத்தான் செத்துப் போயிருந்தது.

"சவத்தத் தள்ளும். வலது கைய நீரு பாத்துக்கிடும். இடது கைய நான் கீபோர்டுல பிடிச்சுக்கிடுதேன்" என்றார்.

இப்படியாக இரண்டு ஆண்பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கையாக, ஒரே உடம்பில் மலையேற ஆரம்பித்தோம். நான் "வலது" என்று அமுக்குவேன். "இடது, அண்ணாச்சி!" என்று கத்துவேன். அவர் தட்டுவார். முதல் நாள் ஆள் உயரம் ஏறிக் கீழே பார்த்ததுமே வீரிட்டேன். தரையில்தான் நிற்கிறோம் என்று காலுக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. வாளியை நீட்டினார். இஞ்சி மிட்டாய் கொடுத்தார். "இன்னைக்கு ரெண்டு பாறை. போதும் வே, நாளைக்கு மூணாவது" என்றார். தினமும் வேலை முடிந்து வந்ததும் மலை. விழுந்தால் மறுபடி அடிவாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த வசதி கயத்தாறில் கிடையாது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. "இடது, அண்ணாச்சி!" என்கிறேன். கை பற்றவில்லை. "அண்ணாச்சி, இடது!" பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் மனிதர் பஜ்ஜியைச் சட்னியில் முக்கிக்கொண்டிருக்கிறார்.

"என் உயிரு உங்களுக்குப் பஜ்ஜியா போச்சா?"

"எண்ணெய்க் கையோட கீபோர்டத் தொடக் கூடாதுன்னு துடைச்சேன் வே. அதுக்குள்ள நீரு விழுந்துட்டீரு" என்றார், தப்பு என்னுடையது என்பதுபோல.

கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நான் ஏறும்போது அவர் டீயைக்கூடத் தொட மாட்டார். கொசு வந்து கன்னத்தில் உட்கார்ந்தாலும் அடிக்காமல் மூஞ்சியை மட்டும் கோணிக்கொண்டு கீபோர்டில் கை வைத்தபடியே இருப்பாராம். பெட்டிக்குள் இருந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வாசலில் நின்று பார்த்த மேனேஜர்தான் சொன்னார். "என்ன மனுசன் வே இவரு, ரத்தத்தக் குடிச்சிட்டுப் போகுது, ஆடாம அசையாம இருக்காரு" என்று அவருக்கே ஆச்சரியம்.

அந்த வாரக் கடைசியில் உச்சியைத் தொட்டோம். பைய குனிந்து கீழே பார்த்தேன். பயம் வரவில்லை. பசி வந்தது. இருவருமாகப் போய் புரோட்டா தின்றுவிட்டு வந்தோம்.

பரீட்சை நாள் வந்தது. இடுப்பில் பெல்ட், ஏணியில் கொக்கி, எனக்குக் கீழே பயிற்சிக்காரர். வலது கையை மேலே வைத்தேன். சுகமாகப் போயிற்று. இடது கை வரவில்லை. இழுக்கிறேன், வரவில்லை! இத்தனை நாளும் அந்தக் கையின் சோலியை வேறொருவர் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்? அது பாட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ வந்து தட்டுவார்கள் என்று காத்துக் கிடக்கிறது.

"என்ன தம்பி, இறங்கிடலாமா?" என்று கீழேயிருந்து குரல் வருகிறது. காற்று ஊளையிடுகிறது. இறங்கினால் எல்லாம் முடிந்தது. வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்:

"இடது, அண்ணாச்சி!"

நம்புங்கள், கை போயிற்று.

"வலது! இடது, அண்ணாச்சி! வலது! இடது, அண்ணாச்சி!" உச்சி வரைக்கும் இதே கூப்பாடுதான். கீழே நின்றவர்கள், பையன் குலசாமியைக் கூப்பிடுகிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். மேலே போய்ச் சேர்ந்து, பைய தலையைத் திருப்பினேன். மேற்கே மலை. தெற்கே தூரத்தில் ஒரு பச்சைக் கோடு. அது தாமிரபரணிதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பயிற்சிக்காரர் மூச்சு வாங்கியபடி ஏறி வந்து பக்கத்தில் நின்றார்.

"யாரு தம்பி அந்த அண்ணாச்சி? கூடப் பிறந்தவரா?"

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை.

"ஆமா சார், எங்க அண்ணன்" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோபுரங்கள் ஏறிவிட்டேன். கல்யாணம், சின்னதாக ஒரு வீடு, அப்பாவின் கண் ஆபரேஷன் எல்லாம் அந்த ஏணி போட்ட பிச்சை. ஏணியில் என்னை ஏற்றிவிட்டவர் அண்ணாச்சி. சாப்பிட உட்காரும்போது அவரை நினைக்காத நாள் குறைவு. இப்போது அவர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். கையில் காசு சேர்ந்ததும் அசல் வி.ஆர். கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு வே, அப்பள வாசனையத்தான் காணோம்" என்று பரணில் போட்டுவிட்டார்.

பரீட்சை அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. கயத்தாறிலிருந்து பஸ் பிடித்து அறைக்கு வந்தேன். அண்ணாச்சி கடைக்கே போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"விழுந்தீரா?"

"விழுந்திருந்தா இங்கன எப்படி அண்ணாச்சி நிப்பேன்?"

"அதுஞ் சரிதான். சொல்லும், சொல்லும்."

ஒன்று விடாமல் சொன்னேன். இடது கை மக்கர் செய்ததற்கு, "நம்ம கீபோர்டு பழக்கம் வே அது" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பயிற்சிக்காரர் கேட்டதைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "இரும் வே, புதுசா ஒரு ஆட்டம் வந்திருக்கு, பாத்துட்டு வந்துருதேன்" என்று பெட்டியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

அவருடைய போன் மேசை மேல் சார்ஜில் கிடந்தது.

"நல்லா இருக்கு வே படம்" என்றார் உள்ளே இருந்து.

"நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. பையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது அவர் காலில் தட்டிவிடாமல் இருக்க, பின்னால் கிடந்த ஸ்டூலைச் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தேன்.