பட்டாணி மேல் பழி

வைஷ்ணவி போட்ட தும்மலில் தட்டிலிருந்த இட்லியே ஓர் எட்டு நகர்ந்தது.

உதயசூரியன் கட்டிலடியில் படுத்திருந்த வெள்ளை நாயை முறைத்தார். "டாக்டர் சொன்னாருல்ல, வளர்க்குற பிராணியால வந்த அலர்ஜியா இருக்கலாம்னு? படுக்கைப் பக்கமே பட்டாணிய விடாதீங்க."

"பாவம்ப்பா அது," என்றாள் ஏழு வயது மகள், கண்ணைக் கசக்கியபடி.

பட்டாணி மாடிப்படிக்குக் குடிபெயர்ந்தது. நாய்முடி போகட்டும் என்று, வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் காயப்போடும் மகளின் இலவம்பஞ்சு மெத்தையை அம்மா சுகுணா தினமும் காயப்போட்டாள். தும்மல் கூடியது.

"படியில படுத்தா மெத்தைக்கு முடி பறக்காதா?" என்று நாயைக் கொல்லையில் கட்டினார் உதயசூரியன். மகளுக்கு மூக்கும் ஒழுகத் தொடங்கியது.

"ஏங்க, இங்கிட்டு வந்து பாருங்க!" மெத்தையிலிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்துக் காட்டினாள் சுகுணா. "கட்டிப்போட்டும் முடி போகலியே!"

மறுநாளே பட்டாணி நார்த்தாமலைக்கு நாடு கடத்தப்பட்டது.

"பிள்ளைக்குச் சரியாயிட்டா, இனி இது ஒங்க நாய்தான் மச்சான்," என்றார் உதயசூரியன், மனைவியின் தம்பி சிவபிரகாஷிடம்.

"அப்ப எனக்குச் சரியாவே வேணாம்!" என்று அழுதாள் வைஷ்ணவி.

சொன்னபடியே அவளுக்குச் சரியாகவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்தன.

"வேணும்னே தும்முறியாடி?" என்றாள் சுகுணா.

பதிலுக்கும் ஒரு தும்மல்தான் வந்தது.

கடைசியில் திருச்சிக்கு அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்தார்கள்.

"நாய் ஒண்ணும் பண்ணலீங்க," என்றார் டாக்டர். "ஒங்க பொண்ணுக்குப் பூனைதான் ஆகாது."

"எங்க வீட்டுல பூனையே கெடையாதுங்களே!"

"எங்கிருந்தோ வருது. நல்லா விசாரிங்க."

விசாரணை அப்புறம் நடக்கட்டும் என்று, கீரனூரில் தங்கள் வீட்டைத் தாண்டி நேராக நார்த்தாமலைக்கு வண்டியை விட்டார் உதயசூரியன். திரும்பும்போது வைஷ்ணவியின் மடியில் பட்டாணி, கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்து வந்தது. வழி நெடுகக் காதோரம் ரகசியம் பேசினாள். ஒரு தும்மல்கூட இல்லை.

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டு அன்புமொழி, நாயைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தாள்.

"அய்யய்யோ, கூட்டியாந்துட்டீங்களாண்ணே! வாரத்துக்கு ஒருநா ஒளிஞ்சு வந்துக்கிட்டிருந்த எங்க வெள்ளைப் பூனை, நாய் இல்லாத தைரியத்துல தெனமும் ஒங்க மாடி மெத்தையிலயே படுத்துப் பழகிருச்சே, இனிமே அது எங்கிட்டுப் போயித் தூங்கும்?"