கூரைக்கு மூன்று கொட்டேஷன்

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை

மறைமலை நகரில் இருக்கும் மச்சான் தசரதனுக்கு உன் அக்காள் லீலாவின் கணவன் மண்ணாங்கட்டி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், கூரையைத் தவிர. அங்கே நீயும் காவேரியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ இந்தப் பக்கம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய், எடுத்தாலும் நான் பேசமாட்டேன் என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் பத்தாம் தேதி நம் பெண் ரஞ்சனிக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். ஹால் ஒழுகுகிறது. கூரையை மாற்று, தாய்மாமன் வராமல் தட்டு மாற்ற விடமாட்டேன் என்று உன் அக்காள் ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு போட்டாள். முதலாவதுதான் சுலபம் என்று அதில் இறங்கினேன். முப்பது வருடம் ஃபேக்டரியில் குப்பை கொட்டியவன், ஒரே ஆளைக் கேட்டு வேலை கொடுப்பேனா? மூன்று கொட்டேஷன், மூன்றும் ஒட்டிய கவரில், சாமி படத்துக்கு முன்னால் ரஞ்சனிதான் பிரிக்க வேண்டும் என்று விதி வைத்தேன். முதலில் வந்த பிரவீன் என்கிற தம்பி ஏணி கொண்டு வரவில்லை, டிரோன் கொண்டு வந்தான். அது கூரைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் புங்கமரத்துக் காக்கைகள் ஒன்றுகூடி அதை விரட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ரத்னா காயவைத்திருந்த வடகத்தின் மேல் இறக்கிவிட்டன. அவன் கவரைப் பிரித்தால் மொத்தக் கூரைக்கும் ஒரு லட்சத்து எழுபதாயிரம், அதில் டிரோன் ரிப்பேரும் ஒரு வரி. இரண்டாவது ஆள் குன்றத்தூர்க்காரர், வீட்டுக்கு வரவே இல்லை. போனில் மேப்பைப் பார்த்தே அளந்துவிட்டு, உங்கள் நீலக் கூரை பிரமாதமாக இருக்கிறது, பெயின்ட் அடித்தால் போதும் என்று எழுதியிருந்தார். நீலக் கூரை எதிரே இருக்கும் தண்ணீர் கேன் கம்பெனியுடையது.

மூன்றாவதாக வந்தவர் ஜெபகுமார். ஷீட்டுக்கு அடியில் பைப்பு ஓடும் போல்ட் வரிசை பார்த்துக் கால் வைத்து ஏறினார். இந்தக் கூரை யார் போட்டது என்று கேட்டார். நானும் என் மச்சானும் என்றேன். அவர் மேலே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு 2004 ஞாபகம் வந்துவிட்டது. காலை ஏ ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வருவோமே, காயலான் கடையில் பைப்பு வாங்கி மீன்பாடி வண்டியில் ஏற்றி நீ மிதிக்க நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்தேனே, லீலா டீயைத் தூக்கில் ஊற்றிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவாளே, கடைசி நாள் ஆன்டெனாக் கம்பத்தையும் நட்டுவிட்டுப் பூசாத தரையில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தோமே. மேட்சில் நம்மவர்கள் தோற்றார்கள். ஆனாலும் என்னவோ சிரித்துக்கொண்டே இருந்தோம். இந்த வீட்டில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஜெபகுமார் இறங்கி வந்து ஒரே வரியில் சொன்னார்: "மொத்தம் நல்லாதான் கீது சார். ஒரே ஒரு ஷீட்டுதான் உடைஞ்சிருக்கு, யாரோ காலை வுட்டுக்கீறாங்க." கேட்டாயா? யாரோ! ஃப்ளெக்ஸ் பேனரை மடித்துப் போட்டு அந்த ஓட்டையை ஒன்பது வருடம் காப்பாற்றியவன் நான். டிஷ்ஷைத் திருப்ப ஏறினவன் நீ. நீ கிரைண்டர் பக்கத்தில் வந்து விழுந்தபோது நான் முதலில் "ஷீட்டு போச்சே" என்று சொன்னது உண்மைதான். ஷீட் போயிருந்ததா இல்லையா? அதற்கு ஒரு மனிதன் நொண்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவானா? ஆகவே நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மொத்தக் கூரையையும் மாற்றப் போகிறேன், வேலையை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பத்தாம் தேதிக்கு முன்னால் வந்தால் நல்லது.

காவேரிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. வல்லக்கோட்டை முருகன் உங்கள் வீட்டைக் காக்கட்டும், எங்கள் கூரையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
மண்ணாங்கட்டி

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. கூரை வேலை எதுவும் இல்லை, ஜெபகுமார் வியாழக்கிழமையே முடித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதி இது: "இந்த எடத்துல குறுக்குப் பைப்பு ஒண்ணு இல்லியே சார். யாரு கால வெச்சாலும் கீழதான் வருவாங்க." அந்தப் பைப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மேட்ச் பார்க்கிற அவசரத்தில், ஒன்று குறைகிறது மாமா என்று நீ சொல்லச் சொல்லக் கேளாமல், அதை ஆன்டெனாக் கம்பமாக நட்டவன் நான்தான். பிறகு டிஷ்ஷையும் அதிலேதான் மாட்டினேன். இப்போது கம்பத்தைப் பிடுங்கி அது இருக்க வேண்டிய இடத்தில் போட்டாயிற்று. டிவி தெரியவில்லை, உன் அக்காள் சீரியல் போயிற்று என்று திட்டுகிறாள். பத்தாம் தேதி வா, வந்து உட்கார், மேலே ஏறாதே. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன். ரொம்ப வலிச்சுதா, மச்சான்?