பாய்க்குள் அழுத எஞ்சின்

எங்கள் மரோவோ காயலில் அந்த வருஷம் மழையைவிட அதிகமாகப் பெய்தது நாப்தாலியின் புகழ்தான். பேயோட்டிகளில் அவர் தனி ரகம். மனிதரைப் பிடித்த பேயெல்லாம் அவருக்குத் தூசு. படகின் பின்னால் மாட்டும் எஞ்சினைப் பிடித்த பேயைத்தான் அவர் ஓட்டுவார்.

புது எஞ்சின் வாங்கினால் பழைய எஞ்சினின் ஆவி பொறாமைப்படுமாம். பழையதைப் பாயில் சுற்றி, பவளத்திட்டுக்கு அப்பால் ஆழ்கடலில் அடக்கம் செய்யாவிட்டால், புதியதை அது நடுக்கடலில் நிறுத்திவிடுமாம். அடக்கத்துக்கு நாப்தாலி தனியாகத்தான் போவார். யாரும் கூடப் போகக் கூடாது. ஆவிக்கு வெட்கமாம்!

இதற்குச் சாட்சியும் உண்டு. பக்கத்துத் தீவில் ஒருமுறை, மாட்டிய அன்றே புது எஞ்சின் நின்றுபோனது. எரிபொருள் டாங்கியின் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்ததால் எரிபொருள் இறங்கவில்லை. நாப்தாலி வந்தார், பாடினார், டாங்கியைத் தடவினார். தடவிய கையோடு திருகையும் திறந்துவிட்டார். எஞ்சின் ஓடியது. பாட்டுக்குத்தான் ஓடியது என்று காயல் முழுக்கப் பேச்சு. திருகைப் பற்றி யார் பேசுவார்? திருகுக்குப் பாடத் தெரியாதே.

அப்புறம் எங்கள் ஊர் மீனவர் சங்கத்துப் படகுக்கும் புது எஞ்சின் வந்தது. பழையதை டெல்மாவுக்குக் கொடுப்பதாகச் சங்கம் முன்பே சொல்லியிருந்தது. டெல்மா கணவனை இழந்தவள். துடுப்புப் போட்டுச் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் மீனும் வாடும், விலையும் வாடும். அந்த எஞ்சின் வந்தால்தான் அவள் பிழைப்பு நிமிரும்.

சங்கத் தலைவர் லெமுயேல் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"டெல்மா, மனசுல வச்சுக்காதம்மா. அதை அடக்கம் பண்ணியே ஆகணும்னு நாப்தாலி ஐயா சொல்லிட்டாரு."

"செத்துப்போச்சாண்ணே? நேத்துகூட அதை ஓட்டிக்கிட்டுத்தான நீங்க பாக்கு வாங்கப் போனீங்க?"

"ஆவி விஷயத்துல விளையாடாத."

"சரிண்ணே. பாய் சுத்துறது பொம்பளைங்க வேலைதான? அதையாவது நான் பண்றேன்."

பழையதைச் சாவுப் பாயிலும் புதியதைக் கல்யாணப் பாயிலும் கழுத்துவரை சுற்றி, மேல்மூடி மட்டும் தெரிய வைக்க வேண்டும். இது நாப்தாலி போட்ட சட்டம். டெல்மாவும் அவள் நாத்தனார்கள் இருவரும் அச்சுப் பிசகாமல் சுற்றினார்கள்.

மறுநாள் படகுத்துறையில் ஊரே கூடியது. மரவள்ளிப் பணியாரம் ஒருபக்கம், தேங்காய்ப்பாலில் வெந்த மீன் ஒருபக்கம். அடக்கமா கல்யாணமா என்று எஞ்சின்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

நாப்தாலி முதலில், நசுங்கி வெளுத்த மூடியைக் கட்டிக்கொண்டு விம்மினார். "ஐயோ, எத்தனை வருஷ உழைப்பு! நெஞ்செல்லாம் உப்பு! உள்ள இருந்து முனகுது, கேக்குதா?"

"கேக்குது! கேக்குது!" என்றது கூட்டம். லெமுயேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, பளபளக்கும் மூடியில் காதை வைத்தார். "ஆஹா! கன்னிப்பொண்ணு! கடல் தண்ணி இன்னும் காலை நனைக்கல!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா," என்றாள் டெல்மா. "எதுக்குள்ள ஆவி?"

"கண்ணு தெரியலையா? இந்த நசுங்கினதுக்குள்ளதான்!"

டெல்மா இரண்டு பாய்களையும் உருவினாள்.

நசுங்கிய மூடிக்குக் கீழே, தண்ணீரைத் தள்ளும் விசிறி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம்புதிதாக. பளபளத்த மூடிக்குக் கீழே, சிப்பி ஒட்டி, இறக்கை நுனி முறிந்து, நைலான் இழை சுற்றிக்கொண்ட கிழட்டு விசிறி. கன்னிப்பெண்ணின் காலில் சிப்பி!

"மூடியை மாத்திட்டேன்யா. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாப்பது குதிரைசக்தி. பின்னாடி கொக்கியைத் தூக்கினா மூடி கையோட வந்துடுது. புது எஞ்சின் எதுக்குய்யா முனகிச்சு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாப்தாலி அசரவில்லை. "ஆவி... ஆவி தாவிடுச்சு! இப்ப திரும்பப் பழசுக்கே போயிடுச்சு. கொடுங்க, கொண்டுபோறேன்."

"நீங்க எதுக்கு அலையணும்? இங்கயே ஆழமாத்தான இருக்கு." டெல்மாவும் நாத்தனார்களும் பழைய எஞ்சினைத் துறையின் விளிம்புக்கு இழுத்தார்கள். விசிறி தண்ணீருக்கு மேலே தொங்கியது. தள்ளினால் போவது டெல்மாவின் பிழைப்பு.

"அடக்கம்தான வேணும்? தள்ளுங்கடி!"

"ஏய், ஏய், நிறுத்து!" நாப்தாலி பாய்ந்து எஞ்சினைக் கட்டிப்பிடித்தான். (இனிமேல் 'அவர்' எதற்கு?) "உள்ள உப்புத்தண்ணி போச்சுன்னா எவன்டி வாங்குவான்?"

பணியாரம் மென்றவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டார்கள்.

"வாங்குவானா?" என்றார் லெமுயேல் மெதுவாக. "அப்ப இதுவரைக்கும் அடக்கம் பண்ணதெல்லாம் எந்தக் கடையில இருக்கு மச்சான்?"

மச்சான் தண்ணீரில் குதித்தான். எஞ்சின் இல்லாமலே நல்ல வேகம். பவளத்திட்டுவரை சிரிப்புச் சத்தம் அவனைத் துரத்திக்கொண்டு போனது.

அப்புறம் மந்திரமில்லாமல் வேலை நடந்தது. புது எஞ்சினைத் தூக்கிப் படகின் பின்பலகையில் உட்காரவைத்து, திருகாணிகளை இறுக்கி, குழாயை மாட்டி, காற்றுத் திருகைத் திறந்து கயிற்றை இழுத்தார்கள். உறுமியது. பின்பக்கத் துவாரத்திலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சின்னப்பிள்ளை மூத்திரம் போலப் பீய்ச்சியடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பழைய எஞ்சின் டெல்மாவின் படகில் ஏறியது. பொறாமை எதுவும் படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எங்கள் ஊருக்கு மரியாதை. முடியவில்லை. மறுநாள் காலை டெல்மா வீட்டு வாசலில் வரிசை நின்றது. முன்னால் நின்றவர் லெமுயேல்.

"டெல்மா, உன்கிட்ட ஏதோ சக்தி இருக்கும்மா. என் எஞ்சினையும் ஒருதடவை தொட்டுக் கொடேன்."

டெல்மா மீன் கூடையைப் படகில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போய் எஞ்சின் பிளக்கைத் துடைங்கண்ணே. கேள்வி கேக்க வரம் எதுக்கு? வாய் போதும். அது உங்க எல்லாருக்கும் இருக்கு. பாக்கு போட்டுப் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."