காரியாபட்டி வரை ஒரு சைக்கிள் பயணம்

மச்சினன் மகள் கல்யாணம் நிச்சயமான அன்றே பாத்திரக்கடை ராஜகுரு முடிவெடுத்துவிட்டார். இந்தத் தடவை ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைப்பதில்லை. போன கல்யாணத்துக்கு ஒரே நாளில் பதினோரு வீட்டுக் கேசரியைத் தின்ற வயிறு அது.

தப்பிக்க வழியும் கிடைத்தது. பாளையம்பட்டி பழைய இரும்புக் கடையில், கடாக் கொம்பு மாதிரி ஹேண்டில்பார் வளைந்த வெளிநாட்டு டூரிங் சைக்கிள் ஒன்று கிடந்தது. அருப்புக்கோட்டைக்குத் தூக்கி வந்து கூடத்தில் தலைகீழாக நிறுத்தினார். ஒரு மாதம் அதற்குத்தான் பணிவிடை. மண்ணெண்ணெய் போட்டுத் துருவை எடுத்தார். அஞ்சு கியரை எட்டாக்கினார். புது பிரேக்கு, புது செயினு, தோல் சீட்டு. மரை கழண்டது சைக்கிளுக்கா, அண்ணாச்சிக்கா என்று பக்கத்து வீட்டு சுகந்தி கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

டாக்டர் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை முழுக்க சைக்கிள்தான் மிதிப்பேன் என்று மனைவி சௌந்தரத்திடம் சொன்னபோது சண்டைக்குத் தயாராகவே நின்றார். அவளோ எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி என்றார். தூரம் போகிற சைக்கிளுக்குப் பை வேண்டாமா என்று, தார்ப்பாயில் தானே இரண்டு பை தைத்துப் பின்சக்கரத்தின் இருபக்கமும் மாட்டிவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ராஜகுருவுக்குக் கண் கலங்கியது.

"புளிசாதம் வச்சிருக்கேன். மல்லாங்கிணறு போயித் தொறங்க."

கிளம்பினார். மிதிக்க மிதிக்க கனத்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் சௌந்தரத்தின் சித்தி மகள் தங்கச்செல்வி ரோட்டுக்கே வந்து மறித்தாள்.

"அக்கா போன் பண்ணுச்சு அத்தான். எங்க பத்திரிகை இடது பையில மேலாக்க இருக்காம்."

திறந்தார். போகிற வழி வரிசைப்படி பெயர் எழுதிய கல்யாணப் பத்திரிகைகள். வலது பையில் வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ். எல்லாவற்றுக்கும் அடியில் புளிசாதம்.

எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில், நூத்திப்பத்துப் பத்திரிகை எதுக்கு, போன தடவை முப்பதுதானே என்றார்.

"அப்ப பஸ்ஸுல போனீக. இப்பத்தான் சைக்கிளு இருக்கே, பஸ்ஸு போகாத ஊரையும் சேத்துக்கிட்டேன்," என்றாள் சௌந்தரம்.