நாலு வைத்தியத்தையும் விரித்துக் காட்டினேன்

எனக்கு வாய் அடங்காது. கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷமாகச் சேலை எடுத்துக் காட்டுகிறவளுக்கு வாய் அடங்கினால் சோறு ஏது? ஆனால் நின்று நின்று இடது காலில் வெரிகோஸ் வெயின் வந்து, நரம்பு சுருண்டு, சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். "கிறிஸ்மஸ் சீசனுக்கு நிக்க முடியாட்டி வேற ஆளைப் போட்டுக்கிடுகேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மகள் செல்போனில் தேடி நாலு வைத்தியம் சொன்னாள். லேசரும் ரேடியோ அலையும் நரம்புக்குள் சூடு வைத்து மூடும். பசை ஒட்டி மூடும். ஃபோம் என்பது ஊசியில் ஏற்றும் நுரை மருந்து. எதற்கும் பெரிய ஆபரேஷன் வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வரலாம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு நாகர்கோவிலில் டாக்டரைப் பார்க்கப் போனேன்.

அங்கே தேங்காய்ப்பட்டணத்து மீன்கார அக்காவும் தக்கலை வாத்தியார் ஒருவரும் இதே கால் வியாதியோடு பக்கத்தில் இருந்தார்கள். "எதைச் செய்யணும்ணு தெரியலியே" என்று புலம்பினார்கள். விடுவேனா?

"அக்கா, லேசர், ரேடியோன்னா காலைச் சுத்தி மரத்துப்போக நெறைய ஊசி. பசைன்னா ஊசி கொறைவு. கண்ணை மூடிட்டுப் பசையை எடுங்க. ஃபோமா? அது பழைய சரக்கு, தொடாதீங்க!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே போனவர்களெல்லாம் "எனக்குப் பசைதான் வேணும்" என்று அடம்பிடிக்க, டாக்டரம்மாவே வெளியே வந்தார்.

"யாரு இங்க எனக்கு முன்னால வைத்தியம் பாக்கது?"

அத்தனை விரலும் என் பக்கம் நீண்டன. (அந்த மீன்கார அக்கா இரண்டு கையாலும் காட்டினாள்!)

என்னை உள்ளே கூட்டிப்போய் ஸ்கேன் பார்த்தார். "உங்க நரம்பு முறுக்கு முறுக்கா இருக்கு. லேசர், ரேடியோ வயரும் நுழையாது, பசைக் குழாயும் நுழையாது. அவங்கவங்க நரம்பைப் பாத்துத்தான் வைத்தியம். உங்களுக்கு ஃபோம்தான்."

ஊசி போட்டு முடிந்து, தொடைவரை இறுக்கிப் பிடிக்கிற காலுறையோடு வெளியே வந்தேன். எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்.

"ஏட்டி, ஒனக்குப் பசைதானே?" என்றாள் மீன்கார அக்கா.

மானம் போய்விட்டது, தொழில் புத்தி போகவில்லை. "ஃபோம்தான் அக்கா! எனக்குன்னே எடுத்து வச்ச மாதிரி!" என்றேன். வாத்தியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

சில வாரம் கழித்து இன்னொரு ஊசி. அந்தக் கிறிஸ்மஸுக்குக் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றேன். கடைசி நாள் முதலாளிக்குத்தான் கால் கடுத்து முகம் சுண்டிப்போனது. "நீங்க இருங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுகேன்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தார். அடடா, அதைப் பார்க்க என்ன சுகம்!

இன்றைக்கும் வீட்டில் யாராவது தும்மினால் போதும், "அவகிட்ட மட்டும் கேட்டிராதீங்க, வைத்தியத்துல பார்டர், முந்தி எல்லாம் காட்டிருவா" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். சிரிக்கட்டும். இந்த வருஷச் சீசனுக்கு "நீ நிப்பேல்லா?" என்று அண்ணாச்சி முதல் போன் போட்டது எனக்குத்தான்.