மானுக்கு வைத்த கீரை

ரங்கூன்
6 டிசம்பர் 1998

அமெரிக்காவில் வாழும் மரியாதைக்குரிய அப்துல் ரவூப் மாமா அவர்களுக்கு, தங்கை மகள் நிலோஃபர் ஸலாம் சொல்லி எழுதுவது. உம்மா, வாப்பா, எனக்கு மூத்த தஸ்லீமா லாத்தா, நான் எல்லோரும் நலத்தோடு இருக்கிறோம். மானத்தோடு இருக்கிறோமா என்பதை மேலே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மழை முடிந்ததும் கடுகு, முள்ளங்கி, டர்னிப் விதைத்தால் குளிர்காலத்தில் மான்கள் தாமாகவே மேய வரும் என்று விதைப் பொட்டலங்களோடு எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வரும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் எங்கள் நிலத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை. இதை நான் சொன்னேன், ஒன்பதாம் வகுப்புப் பெண் சொன்னால் யார் கேட்கிறார்கள்? விதைத்த கையோடு வாப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், லாத்தா கலியாணத்துக்கு மான் பிரியாணி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை கலியாணம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் எங்கள் பெயர் கெட்டு முடிந்திருக்கும்.

கீரை நன்றாகத்தான் வளர்ந்தது. வாத்து வந்தது, ஆடு வந்தது, உப்பில் புளிக்கவைக்கக் கடுகுக்கீரை தேடி அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தியும் கூடையுமாக வந்தார்கள். மான்தான் வரவில்லை. "மொதலாளி, மான் இங்க வரணும்னா டிக்கெட் எடுத்துப் படகுலதான் வரணும்" என்றார் காவல்காரர் கருப்பையா. அதன் பிறகும் வாப்பா விடாமல் உங்கள் கடிதத்தை மறுபடி படித்து, உறைபனி விழுந்தால்தான் இலை இனிக்கும் என்ற வரியைக் கண்டுபிடித்தார். ரங்கூனில் பனி உறையாது என்று பூகோளப் புத்தகத்தைக் காட்டினேன். வாப்பா ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார்! ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றி, ஆற்றைக் கடந்து, சைக்கா ரிக்‌ஷா வண்டியில் ஏற்றினார். "ஊலே, பெரியவரே, மீன் எங்க?" என்று கேட்டார் வண்டிக்காரர். "மீனுக்கு இல்லப்பா, மானுக்கு" என்றார் வாப்பா. வண்டிக்காரர் கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டார். ஐஸை உடைத்துச் செடிகளின்மேல் பரப்பினோம். மத்தியானத்துக்குள் இலையெல்லாம் வேகவைத்த கீரைபோல் துவண்டு விழுந்தது. கருப்பையா ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இனிக்குது மொதலாளி" என்றார்.

ஆகவே, இனிமேல் விதையோ யோசனையோ தயவுசெய்து அனுப்ப வேண்டாம். மாமிக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வாப்பாவுக்குக் கடிதம் எழுத நேரமில்லாத அளவு வேலையையும் தருவானாக.

நிலோஃபர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை டாலாவுக்குப் போனால், ஒரு கேளையாடு, அந்தச் சின்ன மான் ஜாதி, நின்று டர்னிப் தின்றுகொண்டிருக்கிறது! கருப்பையா கயிறு போட்டுப் பிடித்துவிட்டார். "பிஸ்மில்லா சொல்லி அறுங்க மொதலாளி!" வாப்பா கத்தியை எடுத்தார், மானைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நாமதானேய்யா சாப்பிடக் கூப்பிட்டோம்? வந்த விருந்தாளிய எப்படிய்யா அறுக்கிறது? அவுத்து விடு" என்றார். அப்படியே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார், நானும் போனேன். மாப்பிள்ளையின் வாப்பா காஜா மைதீன் எழுந்து வந்து வாப்பாவைக் கட்டிக்கொண்டார். "அட, நீங்க வேற! எனக்கு மேல்வரிசை பூரா கட்டுன பல்லு. மான்கறி வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு நாங்கதான் முழிச்சுக்கிட்டிருந்தோம். கோழி போடுங்க சம்பந்தி!"

அவிழ்த்துவிட்டும் மான் போகவில்லை, டர்னிப் தீரப்போகிறது. உடனே விதை அனுப்புங்கள் மாமா. மேலே எழுதியதில் ஸலாமை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழித்துவிடுங்கள்.